"ரெட் மட்டும் ஏன் இவ்ளோ நேரம்?" - வடசென்னை சிக்னல்களில் எழும் 8 சந்தேகங்களும் பதில்களும்!

கொடுங்கையூரில் வீடு. வேலைக்குப் பெரம்பூர் தாண்டிப் போகணும். அப்படின்னா உங்களோட அன்றைய மூட் எங்கே முடிவாகுதுன்னு உங்களுக்கே தெரியும். மூலக்கடை மேம்பாலத்துக்குக் கீழே!

மேலே நேராகப் போகிறவர்கள் பறந்துவிடுவார்கள். கீழே நிற்பது நாம். முன்னால் ஒரு டிரெய்லர், பக்கத்தில் குப்பை லாரி, பின்னால் ஹார்னிலிருந்து கையையே எடுக்காத ஒரு கார். டைமரில் ரெட் நிதானமாக இறங்குகிறது. எதிர்ப் பக்கம் பச்சை எரிகிறது, ஆனால் அங்கே வண்டியே இல்லை. நம் பக்கம் பச்சை விழுந்து, டிரெய்லர் உறுமி நகர்வதற்குள் மஞ்சள். திரும்பவும் ரெட்.

"வேணும்னே பண்றாங்க பாஸ்..." என்பார் பக்கத்து பைக்காரர். நாமும் தலையாட்டுவோம். அதற்குப் பிறகு ஆளுக்கொரு தியரி. "அபராதம் வசூல் பண்ணத்தான் மஞ்சளைக் குறைச்சிருக்காங்க", "யாரோ பெரிய ஆள் வர்றார்", "ஆபீஸ்ல உட்கார்ந்துக்கிட்டு டைம் செட் பண்ணிட்டுப் போயிட்டாங்க".

இதில் எது உண்மை, எது நம் எரிச்சல்? ஒவ்வொரு சந்தேகமாகப் பார்த்துவிடலாம். கடைசியில், எரிச்சலைப் புகாராக மாற்றுவது எப்படி என்பதும் இருக்கிறது. அதை மட்டும் ஸ்கிப் பண்ணிடாதீங்க.

முதலில் ஒரு நிமிடப் பாடம்

உலகின் முதல் டிராஃபிக் சிக்னல் 1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றத்துக்கு வெளியே வைக்கப்பட்டது. கேஸ் விளக்கு. கையால் இயக்க ஒரு போலீஸ்காரர். அடுத்த மாதமே கேஸ் கசிந்து வெடித்து, அந்தப் போலீஸ்காரர் காயமடைந்தார். ஆக, சிக்னலால் ஆன சிரமத்துக்கு வயது 150-ஐத் தாண்டுகிறது. மின்சாரத்தில் இயங்கும் சிக்னல் 1914-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் வந்தது.

எந்த சிக்னலாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். எல்லாப் பக்கத்துக்கும் ஒருமுறை பச்சை கொடுத்து முடிக்க ஆகும் மொத்த நேரம், ஒரு 'சைக்கிள்'. அதில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கிடைக்கும் பங்கு, ஒரு 'ஃபேஸ்'. இந்த இரண்டு வார்த்தைகளையும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

சந்தேகம் 1: நம்ம பக்கத்துக்கு மட்டும் ரெட் அதிகமா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் அப்படித் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது.

நாலு ரோடு சந்திப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் 120 விநாடி. நாலு பக்கத்துக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 30 விநாடி. அதாவது உங்களுக்குப் பச்சை 30, ரெட் 90. எதிர்ப் பக்கத்தில் நிற்பவருக்கும் அதே 90 தான். அவரும் உங்களைப் பார்த்து "அந்தப் பக்கம் மட்டும் போய்க்கிட்டே இருக்காங்களே" என்று பொருமிக்கொண்டுதான் இருப்பார்.

கணக்குப்படி, 120 விநாடியில் 90 விநாடி ரெட் என்றால், நீங்கள் எப்போது வந்து சேர்ந்தாலும் நாலில் மூன்று முறை ரெட்டில்தான் மாட்டுவீர்கள். இது சதி இல்லை, வகுத்தல் கணக்கு.

ஆனால் எல்லா ரோடும் ஒரே மாதிரி இல்லையே? காலையில் கொடுங்கையூரிலிருந்து நகரத்துக்குள் போகிற கூட்டம் அதிகம், மாலையில் திரும்பி வருகிற கூட்டம் அதிகம். அதற்கேற்றபடி பங்கு மாற வேண்டும். காலை, மதியம், மாலை, இரவு என ஒரே பிளான் ஓடினால் உங்கள் கோபம் நூற்றுக்கு நூறு நியாயமானது. எப்படிக் கண்டுபிடிப்பது? ரொம்ப சுலபம். காலை 9 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் உங்கள் பச்சை எத்தனை விநாடி என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், கேட்க வேண்டிய முதல் கேள்வி உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

சந்தேகம் 2: எதிர்ல வண்டியே இல்ல... அங்க எதுக்குப் பச்சை?

ஏனென்றால் சிக்னலுக்குக் கண் கிடையாது. நேரம் குறித்து வைத்த சாதாரண சிக்னல், கடிகாரம் மாதிரி. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணி அடிக்கும்.

என்றோ ஒரு நாள் வாகனங்களை எண்ணி, அந்தக் கணக்கை வைத்து நேரம் பிரித்திருப்பார்கள். அந்த எண்ணிக்கை இன்றும் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. நம் ஏரியாவில் இது சின்ன விஷயம் இல்லை. மாதவரம் பால் பண்ணையிலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் மெட்ரோ மூன்றாவது வழித்தடம் மூலக்கடை வழியாகத்தான் போகிறது. தடுப்பு வைத்து ரோட்டைக் குறுக்கினால், முன்பு மூன்று வரிசையாகப் போன வண்டிகள் ஒன்றரை வரிசையாக நெரியும். திருப்பிவிடப்பட்ட பஸ்களும் லாரிகளும் வேறு பக்கத்தில் குவியும். ரோடு மாறிய அன்றே சிக்னல் நேரமும் மாற வேண்டும். மாற்றவில்லை என்றால், இல்லாத ரோட்டுக்காகப் போட்ட கணக்கில்தான் அந்த சிக்னல் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. கண் இல்லாத சிக்னலுக்குக் காதும் கிடையாது. ஹார்ன் அடித்தால் பச்சை வராது. ஆனால் ரெட் நீளலாம்! மும்பை போலீஸ் 2020 ஜனவரியில் ஒரு வீடியோ வெளியிட்டது. சில சந்திப்புகளில் ஒலி அளக்கும் கருவியை சிக்னலோடு இணைத்து, சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் ரெட் டைமர் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி செய்திருந்தார்கள். 'தண்டிக்கும் சிக்னல்' என்று பெயர். நம்ம ஊருக்கு அது வந்தால் சிலர் வீடு போய்ச் சேரவே மாட்டார்கள்.

சந்தேகம் 3: பச்சை விழுந்தும் நாலு வண்டிதானே போகுது?

வடசென்னைக்காரர்கள் இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்க வேண்டும்.

சிக்னல் நேரம் கணக்கிடும்போது எல்லா வண்டியையும் கார் கணக்குக்கு மாற்றுவார்கள். பி.சி.யு. என்று பெயர். இந்தியச் சாலைக் கழகம் 1990-ல் வெளியிட்ட நகரச் சாலை வழிகாட்டியின்படி, ஒரு ரோட்டில் லாரி, பஸ்களின் பங்கு 5 சதவிகிதம் என்றால் ஒரு லாரி 2.2 காருக்குச் சமம். அந்தப் பங்கு 10 சதவிகிதத்தைத் தொட்டுவிட்டால், ஒரு லாரி 3.7 காருக்குச் சமம். ஆட்டோவுக்கு 2, டூ-வீலருக்கு 0.75.

இதை வைத்து ஒரு மனக்கணக்கு போடலாம். ஒரு வரிசையில் ஒரு கார் ஸ்டாப் கோட்டைத் தாண்ட சுமாராக 2 விநாடி ஆகும். 30 விநாடி பச்சையில் முதல் வண்டி சுதாரித்துக் கிளம்ப 2 விநாடி போனால், மிச்சம் 28. கார்களாக இருந்தால் 14 போகலாம். லாரிகளாக இருந்தால்? ஒன்றுக்கு 7.4 விநாடி. மூன்று போகும், நான்காவது மஞ்சளில் தொங்கும்.

இப்போது நம் ரோட்டைப் பாருங்கள். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என மூன்று பக்கமும் கன்டெய்னர். மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து டேங்கர். கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்கு நகரத்தின் வடபாதிக் குப்பை. இத்தனைக்கும் நடுவில்தான் கண்ணதாசன் நகர் பஸ்ஸும், உங்கள் ஸ்கூட்டியும், பள்ளிக்கூட ஆட்டோவும். அடையாறில் ஒரு சிக்னலுக்குப் போட்ட நேரத்தை இங்கே அப்படியே தூக்கிப் போட முடியாது. இங்கே லாரியை எண்ணாமல் போட்ட எந்தக் கணக்கும் தப்பாகத்தான் முடியும்.

லாரி எந்த நேரத்தில் வரலாம் என்பதும் இதில் சேர்ந்ததுதான். 2025 ஜூனில் பெரம்பூரில், அம்மாவோடு ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த 10 வயதுச் சிறுமி தண்ணீர் லாரி மோதி இறந்துபோனாள். தடை இருக்கும் காலை நேரத்தில் அந்த லாரி எப்படி ரோட்டுக்கு வந்தது என்ற கேள்வி எழுந்தது, போக்குவரத்து போலீஸார் மீது நடவடிக்கையும் பாய்ந்தது. கனரக வாகனங்களுக்கான நேரக் கட்டுப்பாட்டை அதற்குப் பிறகு இறுக்கினார்கள். பீக் ஹவரில் ஒரு லாரி உள்ளே வந்தால் உங்களுக்கு லேட் ஆவது மட்டும் நடக்கவில்லை என்பதை நம் ஏரியாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சந்தேகம் 4: அப்போ பச்சை நேரத்தைக் கூட்டிட்டா தீர்ந்துச்சே?

இப்படித்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் உங்களுக்குக் கூட்டும் ஒவ்வொரு விநாடியும் மற்ற மூன்று பக்கத்துக்கு ரெட். அவர்களுக்கும் கூட்டினால் அது உங்களுக்கு ரெட்.

ஒவ்வொரு முறை பக்கம் மாறும்போதும் மஞ்சள், எல்லாப் பக்கமும் ரெட், முதல் வண்டி கிளம்பும் தாமதம் என்று சுமாராக 4 விநாடி வீணாகும். நாலு பக்கம் என்றால் 16 விநாடி. 60 விநாடி சைக்கிளில் 16 போனால் உருப்படியாகக் கிடைப்பது 73 சதவிகித நேரம். சைக்கிளை 120 ஆக்கினால் 87 சதவிகிதம். நல்ல லாபம். 180 ஆக்கினால்? 91 சதவிகிதம்தான். லாபம் வெறும் 4 சதவிகிதம், ஆனால் நீங்கள் நிற்கும் நேரம் ஏகத்துக்கும் ஏறிவிடும்.

இங்கிலாந்தின் சாலை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஃப்.வி.வெப்ஸ்டர் 1958-ல் இதற்கு ஒரு ஃபார்முலா கொடுத்தார். இன்றும் சிவில் இன்ஜினீயரிங் மாணவர்கள் படிக்கிறார்கள். ஒரு சந்திப்பு தன் கொள்ளளவில் 70 சதவிகிதம் நிரம்பியிருந்தால், மேலே சொன்ன 16 விநாடி இழப்புக்கு ஏற்ற சைக்கிள் சுமார் 97 விநாடி. 80 சதவிகிதம் நிரம்பினால் 145. 90 சதவிகிதம் என்றால் 290 விநாடி, அதாவது கிட்டத்தட்ட 5 நிமிடம்! 100 சதவிகிதத்தைத் தொட்டால் ஃபார்முலாவே கையை விரித்துவிடும்.

அதாவது, ரோடு தாங்குகிற அளவுக்கு மேல் வண்டி வந்துவிட்டால், எவ்வளவு புத்திசாலித்தனமாக நேரம் குறித்தாலும் கியூ நீளும். அந்த இடத்தில் தீர்வு சிக்னல் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. லாரிக்கு வேறு வழி, ஓரத்தில் நிற்கும் வண்டிகளை அகற்றுவது, பஸ் ஸ்டாப்பைச் சந்திப்பிலிருந்து தள்ளிவைப்பது, ஃப்ரீ லெஃப்டை அடைக்காமல் வைத்திருப்பது. கடைசியாகச் சொன்னது நம் கையில்தான் இருக்கிறது. நேராகப் போக வேண்டிய பைக் இடது ஓரத்தில் போய் நின்றால், பின்னால் திரும்ப வேண்டிய இருபது பேர் சும்மா நிற்க வேண்டியதுதான்.

சந்தேகம் 5: அபராதம் வசூலிக்க மஞ்சளைக் குறைக்கிறாங்களா?

சந்தேகங்களிலேயே காரமானது இதுதான். உலகத்தில் இப்படி நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது என்பதால், இதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மஞ்சளுக்கு ஒரு கணக்கு உண்டு. 1960-ல் காஸிஸ், ஹெர்மன், மாரடூடின் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதை எழுதினார்கள். மஞ்சளைப் பார்த்ததும் மூளை முடிவெடுக்க 1 விநாடி. அதோடு, அந்த வேகத்திலிருந்து வண்டியைச் சீராக நிறுத்துவதற்கு ஆகும் நேரத்தில் பாதி. 40 கி.மீ. வேகத்துக்கு இது 3 விநாடிக்குக் கொஞ்சம் கீழே வரும். 60 கி.மீ. வேகத்துக்கு 4 விநாடிக்குப் பக்கம். மஞ்சள் இதைவிடக் குறைவாக இருந்தால் என்ன ஆகும்? நிற்கவும் முடியாது, தாண்டவும் முடியாது என்று ஒரு இடத்தில் மாட்டுவோம். நீங்கள் எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும் தப்பு உங்கள் பேரில் எழுதப்படும்.

அமெரிக்காவின் சிகாகோவில் 2014-ல் இதுதான் வெடித்தது. அங்கே மஞ்சள் குறைந்தது 3 விநாடி என்பது விதி. கேமரா ஒப்பந்ததாரர் மாறிய பிறகு, 2.9 விநாடி மட்டும் மஞ்சள் எரிந்த சந்தர்ப்பங்களுக்கும் அபராதம் அனுப்பினார்கள். பத்தில் ஒரு விநாடி வித்தியாசத்தில் கூடுதலாகப் போன அபராதச் சீட்டுகள் சுமார் 77,000, தொகை சுமார் 77 லட்சம் டாலர் என்று அந்நகரின் தலைமைக் கண்காணிப்பு அதிகாரியின் அறிக்கையே சொன்னது. அதே நகரில், பழைய கேமரா ஒப்பந்தத்துக்காக லஞ்சம் வாங்கிய முன்னாள் அதிகாரிக்கு 2016-ல் 10 ஆண்டு சிறை.

ஆரிகன் மாநிலத்தில் இன்னொரு கதை. 2013-ல் மேட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்பவரின் மனைவிக்கு, ரெட் விழுந்து 0.12 விநாடியில் கடந்ததாக அபராதம் வந்தது. மனிதர் அசரவில்லை. மஞ்சள் ஃபார்முலாவையே எடுத்து ஆராய்ந்து, திரும்புவதற்காக வேகத்தைக் குறைக்கும் வண்டிக்கு இது போதாது என்று காட்டினார். 'லைசென்ஸ் இல்லாமல் இன்ஜினீயர் வேலை பார்க்கிறாய்' என்று அந்த மாநில இன்ஜினீயர் வாரியம் அவருக்கே 500 டாலர் அபராதம் போட்டது! அவர் கோர்ட்டுக்குப் போனார். 2018-ல் ஜெயித்தார். 2020-ல் அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர்கள் அமைப்பு அவருடைய திருத்தத்தை ஏற்றுக்கொண்டது.

சரி, நம்ம ஊரில்? சந்தேகப்படுவதைவிட அளப்பது சுலபம். போனில் வீடியோ எடுத்தால் மஞ்சள் எத்தனை விநாடி என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். ஓரமாக, நடைபாதையில் நின்று எடுங்கள். ஓட்டிக்கொண்டே எடுக்காதீங்க ப்ளீஸ்.

நம் ஏரியாவில் மஞ்சளைவிடப் பெரிய கேள்வி, அதற்கு அடுத்து எல்லாப் பக்கமும் ரெட் எரிகிற அந்த ஓரிரு விநாடி. 25 மீட்டர் அகலச் சந்திப்பை 40 கி.மீ. வேகத்தில் ஒரு கார் முழுதாகத் தாண்ட 3 விநாடிக்குள் ஆகும். ஒரு கன்டெய்னர் டிரெய்லர் கிட்டத்தட்ட 16 மீட்டர் நீளம். 20 கி.மீ. வேகத்தில் அது அதே சந்திப்பைத் தாண்ட 7 விநாடிக்கு மேல் ஆகும். அதாவது, பச்சை முடியும் நேரத்தில் நியாயமாக உள்ளே நுழைந்த டிரெய்லரின் வால், உங்களுக்குப் பச்சை விழும்போதும் நடுரோட்டில் இருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், பச்சை விழுந்த முதல் விநாடியே சீறாதீங்க. இடமும் வலமும் பார்த்துட்டுக் கிளம்புங்க.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு, ரெட்டைத் தாண்டுவதை 'ஆபத்தாக வாகனம் ஓட்டுதல்' என்ற குற்றத்தில் சேர்த்திருக்கிறது. முதல்முறை பிடிபட்டாலே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, சிறையோ விதிக்க அதில் இடமுண்டு.

சந்தேகம் 6: போலீஸ்காரர் கையில எடுத்ததும் ஏன் இன்னும் குழப்பம்?

பீக் ஹவரில் பல சந்திப்புகளில் சிக்னலைப் போலீஸாரே கையால் இயக்குவார்கள். கண் இல்லாத சிக்னலுக்கு அவர்தான் கண். ஒரு பக்கம் கியூ பாலம் வரை போய்விட்டது என்றால் அவரால் அதைப் பார்த்து நீட்டிவிட முடியும். அது வரம்.

சிக்கல் என்னவென்றால், அவருக்குத் தெரிவது அந்த ஒரு சந்திப்பு மட்டும். இங்கே மொத்தமாகத் திறந்துவிட்ட வண்டிகள் அடுத்த சிக்னலில் போய் முட்டி நிற்கும். அங்கே நிற்பவருக்குத் திடீரென்று ஏன் இவ்வளவு கூட்டம் என்று புரியாது. அடுத்தடுத்த சிக்னல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால்தான், ஒரு பச்சையில் கிளம்பிய வண்டி அடுத்ததிலும் பச்சையைப் பிடிக்கும். ஆளுக்கொரு சுவிட்ச் என்றால் அது நடக்காது.

"பெரிய ஆளுங்களுக்காக நிறுத்துறாங்க" என்ற புகாரும் இதில்தான் வரும். அது நடக்காமல் இல்லை. ஆனால் அதே கை இயக்கம்தான் உயிரையும் காப்பாற்றியிருக்கிறது. 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற 15 வயது மாணவரின் இதயம், முகப்பேர் மருத்துவமனையில் காத்திருந்த சிறுமிக்காக 11 நிமிடத்தில் கொண்டுபோகப்பட்டது. வழி முழுக்கப் போலீஸார் ரோட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். 'சென்னையில் ஒரு நாள்' படம் பார்த்தவர்களுக்கு இது ஞாபகம் வரும். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று அதே மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் 7: ஏ.ஐ. சிக்னல் வந்தா எல்லாம் சரியாகிடுமா?

கொஞ்சம் சரியாகும். ஜப்பானின் ஜைகா நிதியுதவியோடு சென்னையில் 165 சந்திப்புகளில் 'அடாப்டிவ்' சிக்னல் அமைக்கும் திட்டம் இருக்கிறது. கேமராவோ சென்சாரோ கியூவைப் பார்த்து, கூட்டம் உள்ள பக்கத்துக்குப் பச்சையை நீட்டும், காலியாக இருந்தால் சுருக்கும். சந்தேகம் 2-க்கு நேரடி மருந்து இதுதான்.

இந்த வகை சிக்னலில் டைமர் திடீரென்று தாவலாம், அல்லது எண்ணே காட்டாமல் இருக்கலாம். பழுது என்று நினைக்க வேண்டாம். அடுத்து எத்தனை விநாடி என்பதை அது அந்த நேரத்தில்தான் முடிவுசெய்கிறது. முன்கூட்டியே எண்ணிக் காட்ட முடியாது.

கூகுள் வேறொரு வழியைப் பிடித்தது. 'கிரீன் லைட்' என்ற திட்டத்தில், மேப்ஸ் தகவலை வைத்து எந்த சிக்னலில் எத்தனை விநாடி மாற்றலாம் என்று போலீஸாருக்கே யோசனை சொல்கிறது. புது கேமராகூட வேண்டாம். கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத்தில் இது வந்திருக்கிறது.

கோவையோ சிக்னலையே எடுத்துவிட்டது! லாலி ரோடு உட்பட பல சந்திப்புகளில் ரவுண்டானா, யூ-டர்ன் என்று மாற்றினார்கள். வண்டி நிற்காமல் நகர்கிறது என்று ஓட்டுகிறவர்களுக்கு நிம்மதி. ஆனால் வண்டி நிற்காத ரோட்டை நடந்து கடப்பது எப்படி? அந்தக் கேள்வியோடு அடுத்த சந்தேகத்துக்குப் போகலாம்.

சந்தேகம் 8: நடக்கிறவங்களுக்கு சிக்னல் இருக்கா, சும்மா பேருக்கா?

இதுவரை வண்டியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். இப்போது இறங்குவோம்.

ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. 20 மீட்டர் ரோட்டைத் தாண்ட 17 விநாடி. ஆனால் கையில் காய்கறிப் பையோடு வரும் நம் பாட்டி 0.8 மீட்டர் வேகத்தில் நடந்தால், அவருக்கு 25 விநாடி வேண்டும். 17 விநாடியில் பச்சை மனிதன் அணைந்தால், பாட்டி நடுரோட்டில். அமெரிக்காவே 2009-ல் இந்தக் கணக்கை 1.07 மீட்டராகக் குறைத்துக்கொண்டது.

சில இடங்களில் கம்பத்தில் பட்டன் இருக்கும். 'அமுக்கினா வேலை செய்யுமா?' என்ற சந்தேகம் உலகம் முழுக்க உண்டு. நியூயார்க்கில் இருந்த சுமார் 3,250 பட்டன்களில் 2,500-க்கு மேல் இணைப்பு துண்டிக்கப்பட்டவை என்று 2004-ல் தெரியவந்தது. மக்கள் அதுவரை நம்பி அமுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நடக்கிறவர்களுக்குத் தனி நேரம் கொடுத்தால் சைக்கிள் நீளும், நம் ரெட் இன்னும் ஏறும். உண்மைதான். ஆனால் எதற்காக அந்த விநாடிகள் என்று பாருங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் டூ-வீலரில் போனவர்கள் 44.5 சதவிகிதம், நடந்து போனவர்கள் 19.5 சதவிகிதம். இரண்டையும் கூட்டினால் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கம் வருகிறது. கொடுங்கையூரில் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருப்பார்கள்.

தப்பாக நேரம் குறித்த சிக்னலால் வரும் உண்மையான ஆபத்தும் இங்கேதான். பத்து நிமிடம் லேட் ஆவது எரிச்சல். ஆனால் தினமும் காலி ரோட்டுக்கு முன்னால் நின்று நின்று, "இந்த சிக்னல் சும்மாடா" என்று ஒரு ஏரியாவே முடிவுகட்டிவிட்டால், ரெட்டில் போவது பழக்கமாகிவிடும். அதற்குப் பிறகு டிரெய்லரின் வாலில் மாட்டப்போவது அந்த பைக்காரர்தான். சிக்னலை நம்பி ரோட்டில் கால் வைக்கப்போவது அந்தப் பாட்டிதான்.

சரி, நாம என்ன செய்யலாம்?

அளந்து எழுதுங்கள்: 'எப்பவும் ஜாம்' என்று புகார் போட்டால் யாருக்கும் புரியாது. ஒரே சிக்னலை, ஒரே நேரத்தில், ஐந்து வேலை நாள் கவனியுங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் போனைக் கொடுத்துவிடுங்கள். பச்சை எத்தனை விநாடி, ரெட் எத்தனை விநாடி, உங்கள் முறை வர எத்தனை சைக்கிள் ஆனது, பச்சை எரிந்தும் காலியாக இருந்த பக்கம் எது, நடக்கிறவர்களுக்கு எத்தனை விநாடி. இந்த ஐந்து விவரம் போதும்.

சரியான இடத்துக்கு அனுப்புங்கள்: விளக்கு எரியவில்லை, டைமர் பழுது என்றால் போக்குவரத்து போலீஸ் உதவி எண் 103, அல்லது சென்னைப் போக்குவரத்து போலீஸின் எக்ஸ் பக்கம். தெருவிளக்கு, பள்ளம், நடைபாதை ஆக்கிரமிப்பு என்றால் மாநகராட்சியின் 1913. நேரமே தப்பு என்றால், நீங்கள் எடுத்த கணக்கோடு போக்குவரத்துத் துணை ஆணையர் (வடக்கு) அலுவலகத்துக்கு ஒரு கடிதம். பத்துப் பேர் கையெழுத்து இருந்தால் இன்னும் நல்லது.

பதில் வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: கட்டணம் 10 ரூபாய். இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள். 1. இந்தச் சந்திப்பின் சைக்கிள் நேரம், ஒவ்வொரு பக்கத்துக்கான பச்சை நேரம் என்ன? 2. கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? 3. அதற்கான வாகன எண்ணிக்கை எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது, அதில் லாரி எத்தனை? 4. நடந்து கடப்பவர்களுக்கு எத்தனை விநாடி? 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

அதுவரைக்கும்... ரெட் நீளம் என்று தெரிந்தால் இன்ஜினை ஆஃப் பண்ணுங்கள். பெட்ரோலும் மிச்சம், முன்னால் நிற்கும் லாரிப் புகையோடு நம் புகையும் சேராது. ராத்திரியில் மஞ்சள் மட்டும் விட்டுவிட்டு எரிந்தால் 'பார்த்துப் போ' என்று அர்த்தம், 'பறந்து போ' என்று இல்லை. சிவப்பு விட்டுவிட்டு எரிந்தால், நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

அடுத்த முறை பக்கத்து பைக்காரர் "வேணும்னே பண்றாங்க பாஸ்" என்று சொன்னால் சும்மா தலையாட்டாதீங்க. "நம்ம சிக்னல்ல காலைல பச்சை எத்தனை செகண்ட், தெரியுமாண்ணே?" என்று கேளுங்க. 90 விநாடி இருக்கே, இந்தக் கதையை ஆரம்பிக்க அது போதும்.